காலணாவுக்கு ஒரு ஜெபம்

கொல்கத்தாவில் அலிப்பூர் என்றதும் ஒருவர் மிருகக்காட்சி சாலை என்பார், இன்னொருவர் தேசிய நூலகம் என்பார், வரலாறு படித்தவர் அரவிந்தர் அடைபட்டிருந்த சிறை என்பார். நாணயச்சாலையை யாரும் சொல்வதில்லை. 1952 மார்ச் 19 அன்று அன்றைய நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் திறந்துவைத்த ஆலை அது. டீ கொஞ்சம் ஆறட்டும். அதற்குள் பையிலிருந்து ஒரு ரூபாயை எடுத்து ஆண்டுக்குக் கீழே உற்றுப் பாருங்கள். சின்ன வைர வடிவம் இருந்தால் மும்பையில் அடித்தது. நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத். புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் அலிப்பூர்.

இந்தச் சில்லறைக்கும், கடல் தாண்டி இருக்கும் முகம் தெரியாதவர்களுக்காகத் தேவாலயப் பெண்கள் கூடிச் செய்யும் ஜெபத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதற்குப் போகும் வழி கொஞ்சம் சுற்றுவழி. அவசரமில்லை, நிதானமாகவே போவோம்.

முதலில் ஆங்கிலிக்கன் என்றால் என்னவென்று தெளிவாக்கிக்கொள்வோம். இங்கிலாந்து திருச்சபையின் வழியில் வந்தவர்களை அப்படிச் சொல்கிறார்கள். இந்தியாவில் அவர்களின் முதல் பேராயம், அதாவது ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி, 1814இல் கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்டது. அதன் எல்லையைக் கேட்டால் சிரிப்பு வரும்: சென்னையும் பம்பாயும் அதில்தான், கொஞ்ச காலத்தில் இலங்கையும் ஆஸ்திரேலியாவும்கூட. இரண்டாவது பேராயர் ஹீபர் 1826இல் திருச்சிக்குச் சுற்றுப்பயணம் வந்தவர் அங்கேயே இறந்தார். தூய யோவான் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அப்படிப்பட்ட ஒரு பேராயத்தில் 'வெளிநாட்டுக்காக ஜெபிப்பது' என்ற பேச்சுக்கு அதிகம் பொருளிருந்திருக்காது, பாதி உலகம் உள்ளேயே இருந்ததே.

இன்று இந்தியாவில் ஆங்கிலிக்கன் என்ற பெயரில் தனியாக நிற்பவர்கள் குறைவு. தெற்கே 1947 செப்டம்பரில் அவர்கள் மெத்தடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் பிரிவினரோடு சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள், நாம் சி.எஸ்.ஐ. என்கிறோமே, அது. வடக்கே 1970 நவம்பரில் ஆறு சபைகள் சேர்ந்து வட இந்தியத் திருச்சபை உருவானது. ஆகவே அலிப்பூர் பக்கத்து ஆலயத்தில் இன்று ஒரு பெண்கள் கூட்டம் நடந்தால், ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவரின் பாட்டி ஆங்கிலிக்கனாகவும் இன்னொருவரின் பாட்டி பாப்டிஸ்டாகவும் இருந்திருக்கலாம். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனி ஜெபத்துக்கு வருவோம். ஒருவர் தனியாக ஜெபிக்க எதுவும் தேவையில்லை. பல நாடுகளில் இருக்கும் பெண்கள் சேர்ந்து ஜெபிக்க வேண்டுமென்றால் ஏதாவது ஓர் ஏற்பாடு வேண்டும். ஆங்கிலிக்கன் உலகில் இதற்குப் பழைய ஏற்பாடு மதர்ஸ் யூனியன். 1876இல் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில், ஓல்டு ஆல்ரெஸ்ஃபோர்டு என்ற சிற்றூரில், போதகரின் மனைவி மேரி சம்னர் ஊர்த் தாய்மாரைக் கூட்டி ஆரம்பித்தது. இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 40 லட்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் 'ஜெப அலை' என்று ஒரு முறை உண்டு. உலகிலுள்ள பேராயங்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஆண்டு முழுவதும் ஒவ்வொரு தொகுதிக்கும் சில நாட்களை ஒதுக்கிவிடுவார்கள். உகாண்டாவில் ஒரு பேராயத்தின் முறை வரும் நாளில், மற்ற ஊர்களில் இருக்கும் உறுப்பினர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். நாட்காட்டிதான் இதில் முக்கியமான கருவி.

இன்னொரு ஏற்பாட்டை நம் ஊர் சி.எஸ்.ஐ. பெண்கள் ஐக்கிய சங்கத்தார் நன்றாக அறிவார்கள்: உலக ஜெப தினம், மார்ச் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் அந்த நாளின் ஆராதனை முறையை எழுதித் தருவார்கள், உலகெங்கும் அதையே வாசிப்பார்கள். 2023இல் தைவான், 2024இல் பாலஸ்தீனம், 2025இல் குக் தீவுகள், 2026இல் நைஜீரியா. குக் தீவுகள் பசிபிக்கில் எந்த மூலையில் இருக்கின்றன என்று நாசரேத்திலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பெண்மணி அட்லஸைத் திறந்து தேடியிருப்பார் என்றால், அதற்கு இந்த வெள்ளிக்கிழமைதான் காரணம். ஜெபம் என்ன பலன் தரும் என்று நம்பிக்கை இல்லாதவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஆனால் ஒருவருக்காக ஜெபிக்க வேண்டுமென்றால் அவர் எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன கஷ்டம் என்று முதலில் விசாரிக்க வேண்டும். அந்த விசாரிப்பு நடந்தே தீருகிறது.

இந்த இரண்டையும்விட எனக்குப் பிடித்தது மூன்றாவது ஏற்பாடு. அது ஆங்கிலிக்கன்களுக்கு மட்டும் உரியதல்ல, எல்லாச் சபைப் பெண்களுக்கும் பொது. அதைத் தொடங்கியவரும் இந்தியப் பெண். அதன் புதுமை புரிய, அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் கல்லூரி இருக்கிறது, 1895இல் கல்லூரியானது. அந்தப் பெயருக்குரிய சாரா டக்கர் இந்தியாவில் காலடி வைத்ததே இல்லை. அவர் சகோதரர் ஜான் டக்கர் சென்னையில் மிஷனரியாக இருந்தார். இங்கிலாந்தில் இருந்துகொண்டு தென்னிந்திய மிஷன் பணிகளைப் பற்றி எழுதியவர், இங்குள்ள பெண்களின் படிப்புக்காகக் கவலைப்பட்டவர் சாரா. அவருக்குப் பின் தோழிகள் பணம் திரட்டினார்கள். அதிலிருந்துதான் திருநெல்வேலிப் பெண்களுக்கான ஆசிரியைப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரிப் பெண் அங்கே படித்தவர்தான். ஆனால் திசையைக் கவனியுங்கள். பணமும் ஜெபமும் அங்கிருந்து இங்கே வரும். இங்கிருந்து அங்கே நன்றிக் கடிதம் போகும். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இப்படித்தான் ஓடியது. கொடுப்பவர்கள் என்று ஒரு கூட்டம், வாங்குபவர்கள் என்று ஒரு கூட்டம்.

1956இல் பல நாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து ஆசிய நாடுகளைச் சுற்றிவரப் புறப்பட்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து பதினோரு ஆண்டுகள், கொரியப் போர் முடிந்து மூன்று. போன இடமெல்லாம் பழைய பகையின் தழும்புகள். குழுவில் இந்தியாவிலிருந்து சாந்தி சாலமன் இருந்தார். தென்கொரியா அவருக்கு விசா தரவில்லை.

ஏன் தரவில்லை என்பதற்குப் பின்னணி உண்டு. போர்க் கைதிகளைத் திருப்பி அனுப்பும் நடுநிலை ஆணையத்துக்கு 1953இல் இந்தியா தலைமை வகித்தது, ஜெனரல் திம்மய்யா பொறுப்பேற்றார். தென்கொரிய அதிபர் சிங்மன் ரீக்கு இந்தியாமீது கடும் கோபம். இந்தியச் சிப்பாய்கள் தன் மண்ணில் கால் வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார், அவர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி எல்லைப் பகுதியில் இறக்க வேண்டியதாயிற்று. அந்தக் கசப்பு ஆறாத நாட்களில் ஓர் இந்தியப் பெண் போய் விசா கேட்டால் என்ன ஆகும்? மற்றவர்கள் கொரியாவுக்குப் போனார்கள். சாந்தி சாலமன் பிலிப்பைன்ஸில் தங்கிக் காத்திருந்தார்.

காத்திருந்த அந்த நாட்களில் அவருக்குத் தோன்றிய யோசனை இது. எல்லை தாண்ட உடம்புக்குத்தான் விசா வேண்டும், ஜெபத்துக்கு வேண்டாம். அப்படியானால் ஆசியப் பெண்கள் ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கலாம். குறிப்பாக, தன்னைப் புண்படுத்தியவரை மன்னிக்கவும் அவரோடு ஒப்புரவாகவும் ஜெபிக்கலாம். ஒவ்வொரு முறை ஜெபிக்கும்போதும் தன் நாட்டில் புழங்கும் மிகச் சிறிய நாணயம் ஒன்றை எடுத்துத் தனியே வைக்கலாம். அவ்வளவுதான். இதற்கு 'ஃபெல்லோஷிப் ஆஃப் த லீஸ்ட் காயின்' என்று பெயர், மிகச் சிறிய நாணயத்தின் ஐக்கியம். ஆசியாவில் பிறந்து மற்றக் கண்டங்களுக்கும் பரவியது, இன்றும் நடக்கிறது. 'ஜெப வட்டம்' என்ற பொருளில் பெயரிட்ட ஒரு ஜெப நூலும் உண்டு. பல நாட்டுப் பெண்கள் எழுதிய ஜெபங்கள் அதில் இருக்கும்.

இதைக் கேட்டதும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்வது ஒன்றுதான்: "ஓ, சிறுதுளி பெருவெள்ளமா?" ஏழைப் பெண்களால் முடிந்தது சின்னக் காசு, நிறையப் பேர் போட்டால் பெரிய தொகை சேரும், நல்ல நிதி திரட்டும் வழி என்று எடுத்துக்கொள்கிறார்கள். சபையில் பல காலம் இருப்பவர்களே இப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கே சற்று நின்று பார்ப்போம்.

நிதி திரட்டுவதுதான் நோக்கம் என்றால், மிகச் சிறிய நாணயம் என்று ஏன் சொல்ல வேண்டும்? 'இயன்றதைத் தாருங்கள்' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும். வசூல் செய்யத் தெரிந்த எவரும் மேல்வரம்பு வைக்கமாட்டார். இங்கே வைத்திருப்பதோ வெறும் மேல்வரம்பு. பணக்காரி அதிகம் போட முடியாது. போடலாம், யாரும் கையைப் பிடிக்கப்போவதில்லை, ஆனால் நூறு ரூபாய்த் தாளைப் போட்டால் அது வேறு காணிக்கையாகிவிடும், இதில் சேராது. அதிகம் சேர்க்க ஒரே வழி, அதிகம் முறை ஜெபிப்பது.

நமக்குத் தெரிந்த பிடியரிசியை வைத்துப் பார்த்தால் விளங்கும். உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். கோயில் காரியத்துக்கும் உண்டு, சபைக் காரியத்துக்கும் உண்டு. பண்ணையார் வீட்டு அம்மாவின் களஞ்சியம் பெரிது, கூலிக்காரப் பெண்ணின் மண்பானை சிறிது. ஆனால் இருவர் கையும் ஒரே அளவுதான். அளவைக் கையிடம் விட்டுவிட்டதால் களஞ்சியத்தின் பெருமை பிடியில் தெரிவதில்லை. சாந்தி சாலமன் அளவை நாணயத்திடம் விட்டார்.

ஆனால் ஒன்று, நாட்டுக்கு நாடு நாணயம் ஒரே அளவா? இல்லை, அங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. 1956இல் நம்மிடம் இன்னும் அணாக் கணக்குதான். தம்பிடி வழக்கொழிந்துவிட்டது, மிகச் சிறியது காலணா. ரூபாய்க்கு 64 காலணா. டாலருக்கு அப்போது 4 ரூபாய் 76 காசு வீதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் அமெரிக்க சென்ட் ஏறத்தாழ மூன்று காலணாவுக்குச் சமம். அடுத்த ஆண்டு ஏப்ரல் 1இல் தசம முறை வந்து நயா பைசா அச்சானபோது ரூபாய்க்கு நூறாகி, மிகச் சிறிய காசு இன்னும் சிறுத்தது. அமெரிக்கப் பெண் ஒரு ஜெபத்துக்குப் போட்டதில் நம் ஊர்ப் பெண் ஏறக்குறைய ஐந்து ஜெபம் போட்டிருக்கலாம். பணமாகப் பார்த்தால் இது அநியாயம். ஜெபத்தின் எண்ணிக்கையாகப் பார்த்தால் ஒன்றுக்கு ஒன்று. இந்த ஏற்றத்தாழ்வை யாரும் சரிசெய்ய முயலவில்லை, சரிசெய்யத் தேவையும் இருக்கவில்லை. நாணயம் இங்கே ஓர் அடையாளம், இன்று ஒரு முறை ஜெபித்தேன் என்பதற்கு.

எதற்காக ஜெபித்தபோது காசு போடுகிறார்கள் என்பதும் பலர் கவனிக்காத விஷயம். தூர தேசத்து வெள்ளத்துக்கும் பஞ்சத்துக்கும் மட்டும் என்று நினைத்துவிடுகிறோம். மூல யோசனையில் மன்னிப்புதான் முதலில் நிற்கிறது. நாத்தனார் சுருக்கென்று ஒன்று சொல்லிவிட்டார். குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி குடத்தை நகர்த்தி வைத்துவிட்டாள். ஆலயத்திலேயே பாடகர் குழுவில் இடம் தராமல் ஒதுக்கிவிட்டார்கள் (இது நடக்காத சபை இருந்தால் சொல்லுங்கள்). மனசு கொதிக்கும்போது அந்த ஆளுக்காக ஜெபித்துவிட்டு ஒரு காசைப் போட வேண்டும். அந்தக் காசு ஃபிஜியிலோ கென்யாவிலோ ஒரு பெண்கள் குழுவுக்குப் போய்ச் சேரும். நாத்தனாருக்கு இது தெரியாது. கென்யாக்காரிக்கும் தெரியாது. அரசாங்கங்கள் விசா மறுத்த பகையில் பிறந்த திட்டம், குழாயடிப் பகையையும் அதே கணக்கில் வைத்திருக்கிறது. எனக்கு இது மிகவும் யதார்த்தமாகப் படுகிறது. கொரியாவை மன்னிப்பது சுலபம், நாத்தனார் விஷயம்தான் பாடு.

சேர்ந்த காசு எப்படிப் போகிறது என்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். வீட்டில் ஒரு டப்பா அல்லது உண்டியல். ஆண்டில் ஒரு நாள் பெண்கள் கூட்டத்தில் எல்லோரும் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டுவார்கள். சபையிலிருந்து பேராயத்துக்கு, பேராயத்திலிருந்து தேசிய அளவுக்கு, அங்கிருந்து சர்வதேசக் குழுவுக்கு. பல நாடுகளில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமான வேலைகளுக்கு அந்தக் குழு சிறு சிறு உதவித்தொகை தருகிறது. உதவி பெறும் நாட்டுப் பெண்களும் காசு போடுகிறார்கள், காசு போடும் நாட்டுப் பெண்களும் உதவி கேட்கலாம். சாரா டக்கர் காலத்துத் திசை இங்கே இல்லாமல் போய்விட்டது. இந்த ஆண்டு கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று கோடு கிழிக்க முயன்றால் கோடு வளைந்து வளைந்து போகும். முன்பு சொன்னேனே, ஒரே பெஞ்சில் ஆங்கிலிக்கன் பேத்தியும் பாப்டிஸ்ட் பேத்தியும் என்று. ஊர்ச் சபைகள் ஒன்றாவதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே அவர்கள் பாட்டிமார் ஒரே திட்டத்தில் காசு போட இடம் இருந்தது.

சரி, அலிப்பூருக்குத் திரும்புவோம். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு விஷயத்தை நம்பி நிற்கிறது: ஒரு நாட்டில் மிகச் சிறிய நாணயம் என்று ஒன்று இருக்க வேண்டும். அதுதான் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருக்கிறது. கைக்கு எடையே தெரியாத அந்த அலுமினியக் காசுகள் நினைவிருக்கிறதா? சதுரமாக ஐந்து பைசா, பூப்போல விளிம்பு வைத்த பத்து பைசா, அறுகோணத்தில் இருபது பைசா. 2011 ஜூன் 30உடன் இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழுள்ளவையும் செல்லாதவையாயின. கனடா 2013இல் ஒரு சென்ட் விநியோகத்தை நிறுத்தியது. ஆஸ்திரேலியா ஒன்று, இரண்டு சென்ட்டை 1992லேயே விலக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசிப் பென்னியை அடித்து முடித்தது.

இந்தியாவில் இப்போது சட்டப்படி மிகச் சிறியது ஐம்பது பைசா. அது இன்றும் செல்லும். ஆனால் கொல்கத்தா டீக்கடையில் நீட்டிப் பாருங்கள், மண்குவளையைக் கையில் கொடுத்தவர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். ஆகவே நடைமுறையில் ஒரு ரூபாய்தான். காலணாவோடு ஒப்பிட்டால் 64 மடங்கு என்று தோன்றும், விலைவாசியைச் சேர்த்துப் பார்த்தால் இன்றைய ரூபாயும் அன்றைய காலணாவும் அவ்வளவு தூரமில்லை; இரண்டுக்கும் தனியாகப் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது. அந்த வகையில் திட்டத்துக்குப் பழுதில்லை.

சில இளம்பெண்கள் கேட்கிறார்கள்: "அக்கா, டப்பா எதற்கு? வருஷக் கடைசியில் மொத்தமாக 365 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிடுகிறேனே?" தொகை சரிதான், சர்வதேசக் குழுவுக்கு வேறுபாடே தெரியாது. ஆனால் அந்த 365 நாளும் ஜெபித்தாளா என்று அவளுக்கே தெரியாமல் போய்விடும். டப்பாவைத் திறந்து எண்ணும்போது 212 மட்டும் இருக்கும் அல்லவா, அந்த உண்மையை ஜிபே சொல்லாது. வேண்டுமானால் தினம் ஒரு ரூபாயாக அனுப்பலாம், செயலி அதற்குத் தடை சொல்வதில்லை. பொருளாளரின் கைப்பேசி நாள் முழுதும் கிணுகிணுக்கும், அவ்வளவுதான்.

டப்பாக்காரர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். 2011 நாணயச் சட்டப்படி, கொடுக்கல் வாங்கலில் ஐம்பது பைசாவாகப் பத்து ரூபாய் வரைதான் ஒருவர் வாங்கிக்கொள்ளக் கடமைப்பட்டவர், அதாவது இருபது காசு. ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் என்றால் ஆயிரம் ரூபாய் வரை. வங்கிக்கு இந்த வரம்பு பொருந்தாது. எவ்வளவு நாணயம் கொண்டுபோனாலும் கணக்கில் வரவு வைக்கலாம். நூறு நூறாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனால் கவுன்ட்டரில் முகம் சுளிக்கமாட்டார்கள். ஐம்பது பைசாவைத் தனி உறையில் கட்டுங்கள்.